கைக்கடங்கிய காற்றுப் பம்பு

சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. ஸ்ரீஹரிகோட்டா தீவு இதை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. இதன் கரையிலுள்ள மீனவர் குப்பங்களில் பொழுது புலருமுன்பே வேலை தொடங்கிவிடும். இரவில் பிடித்த இறாலும் நண்டும் மடவையும் பெட்டிகளில் ஏறி, இரு சக்கர வண்டிகளில் பொன்னேரிப் பக்கம் புறப்படுகின்றன. அந்த நேரத்தில் பின்சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தால் என்ன செய்வது? பஞ்சர் கடை திறக்க வெகுநேரம் ஆகும். ஐஸ் கரையக் கரைய மீனின் விலையும் குறையும்.

இந்த இக்கட்டுக்கு உதவும் கருவி ஒன்று இப்போது கடைகளில் கிடைக்கிறது. மின்கலத்தால் இயங்கும் அது கையில் அடங்கும் அளவுடையது. அதற்குள் நடப்பது என்ன என்று பார்ப்போம்.

டயருக்குள் எவ்வளவு காற்று?

வாயுவின் கனஅளவைப் பாதியாக்கினால் அதன் அழுத்தம் இரு மடங்காகும் என்பது 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. வெப்பநிலை மாறாதிருக்க வேண்டும் என்பது இதன் நிபந்தனை. காற்றடைத்த டயருக்கு 1845-இல் ராபர்ட் தாம்சன் காப்புரிமை பெற்றார். ஆனால் அது மறக்கப்பட்டுவிட்டது. 1888-இல் ஜான் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் உருவாக்கிய பிறகே உலகெங்கும் பரவியது.

நம்மைச் சுற்றியுள்ள காற்று சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, அதாவது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தம் தருகிறது. டயர் அளவி காட்டுவது இதற்கு மேற்பட்ட அழுத்தத்தையே. அளவி 30 பவுண்டு காட்டினால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 45 பவுண்டு. வெளிக்காற்றைப் போல் மூன்று மடங்கு.

ஒரு மோட்டார் சைக்கிள் டியூபின் கொள்ளளவு 8 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அளவி காட்டும் 15 பவுண்டை 30 ஆக்க, இன்னும் 8 லிட்டர் வெளிக்காற்றை அதற்குள் திணிக்க வேண்டும்.

சிறு உருளையின் சூட்சுமம்

3 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. நீளமும் உள்ள கைப்பம்பின் உருளை, ஓர் அழுத்தலுக்கு ஏறத்தாழ 280 கன செ.மீ. காற்றைத் தள்ளும். கசிவு இல்லாவிட்டால் சுமார் 30 முறை அழுத்தினால் போதும். ஆனால் அழுத்தம் 30 பவுண்டை நெருங்கும்போது ஒவ்வொரு முறையும் 14 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தேவை.

மின்கலப் பம்பின் உருளை மிகச் சிறியது. அதன் விட்டமும் உந்துதண்டு நகரும் தூரமும் 2 செ.மீ. என்றால் ஒரு முறைக்கு 6 கன செ.மீ. காற்றே செல்லும், ஏறத்தாழ 1,300 முறை அழுத்த வேண்டும். ஆனால் தேவைப்படும் விசை 6 கிலோ அளவே. மின் மோட்டார் சலிக்காமல் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை உந்துதண்டை இயக்குவதால் சில நிமிடங்களில் வேலை முடிகிறது.

மோட்டாருக்கு ஆற்றல் தருபவை லித்தியம் அயனி மின்கலங்கள். ஒவ்வொன்றும் சுமார் 3.7 வோல்ட் தரும். மூன்றைத் தொடராக இணைத்தால் 11 வோல்ட். இந்த மின்கலம் 1991-இல் விற்பனைக்கு வந்தது. இதற்கு அடிகோலிய மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

உள்ளே மெல்லிய சிலிக்கன் தகடு ஒன்றும் உண்டு. காற்றழுத்தத்தால் தகடு வளையும்போது அதன் மின்தடை மாறும். அந்த மாற்றம் எண்ணாகத் திரையில் தெரியும். நாம் குறித்த அளவை எட்டியதும் மோட்டார் தானே நின்றுவிடும்.

பம்பு ஏன் சுடுகிறது?

காற்றை விரைந்து அமுக்கினால் அது சூடாகும். 30 டிகிரி வெப்பமுள்ள காற்றை மூன்று மடங்கு அழுத்தத்துக்கு, வெப்பம் வெளியேறாதபடி அமுக்கினால், 140 டிகிரி வரை சூடேறும். ஆகவே, காற்றடித்த உடனே குழாயின் உலோக முனையைத் தொடக் கூடாது. குறிப்பேட்டில் சொன்ன நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டவும் கூடாது.

கவனிக்க வேண்டியவை

எத்தனை பவுண்டு என்பதை வண்டியில் ஒட்டியுள்ள குறிப்பைப் பார்த்து முடிவு செய்க. பின்னால் சுமை ஏற்றுவோர் அதற்குரிய அளவை வைக்க வேண்டும். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஓயாமல் வளைந்து நிமிர்ந்து சூடேறி வெடிக்கக்கூடும். அளவு மீறி அடைத்தாலோ டயரின் பிடிப்புக் குறையும்.

மணற்பாதையில் செல்வோர் சிலர் வேண்டுமென்றே சிறிது காற்றை இறக்குவர். பின்சக்கரத்தின் மேல் 120 கிலோ சுமை இருந்து, அழுத்தம் சதுர செ.மீ.க்கு 2 கிலோ எனில், தரையில் படியும் பரப்பு 60 சதுர செ.மீ.; 1.5 கிலோவாகக் குறைத்தால் 80. பரப்பு கூடுவதால் சக்கரம் மணலில் புதைவது குறையும். ஆனால் தார்ச்சாலை ஏறியதும் மீண்டும் நிரப்பியாக வேண்டும். மிகவும் இறக்கிவிட்டால் டியூப் நகர்ந்து வால்வின் அடிப்பகுதி கிழியும்.

சாதாரண சைக்கிளின் வால்வில் ரப்பர் குழல் காற்றைத் திரும்ப விடாமல் தடுப்பதால், கருவி காட்டும் எண் டியூபின் உண்மை அழுத்தம் ஆகாது. விரலால் அழுத்திப் பார்ப்பதே அங்கு உதவும். அதற்குத் தனி இணைப்பு முனையும் தேவை.

ஏரிக்கரைக் காற்றில் உப்பு மிகுதி. அது மின்னேற்றும் துளையின் உலோகத்தை அரிக்கும். ஆகவே கருவியை மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். உவர்நீரில் விழுந்த கருவியை, காய்ந்துவிட்டது என்று நம்பி மின்னேற்றவே கூடாது. உப்புப் படிவு உள்ளே குறுக்குச் சுற்றை உண்டாக்கி மின்கலம் தீப்பற்றக்கூடும். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள்ளும் வைக்க வேண்டாம். தினமும் காற்று இறங்கினால் டயரில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். அதைப் பம்பு அடைக்காது. பஞ்சர் ஒட்டத்தான் வேண்டும்.

செய்து பாருங்கள்

காலையில் வண்டி ஓடுமுன் டயரின் அழுத்தத்தைக் குறித்துக்கொள்க. வெயிலில் நின்ற பிறகு நண்பகலில் மீண்டும் அளக்க. டயர் 25-இலிருந்து 55 டிகிரிக்குச் சூடேறியிருந்தால், 30 பவுண்டு ஏறத்தாழ 34 ஆகியிருக்கும். புதிதாகக் காற்று எதுவும் உள்ளே போகவில்லை. இருந்த காற்றின் வெப்பமே உயர்ந்தது. அந்த 4 பவுண்டை மிகுதி என்று எண்ணித் திறந்துவிட்டால் மறுநாள் விடியலில் டயர் தளர்ந்திருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.