ஏரிகள் நிறையும் மாதங்கள்

எங்கள் அன்னனூரில் புரட்டாசி பிறந்துவிட்டதை மீன்கடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆவணிக் கடைசி ஞாயிறு வரை கூட்டம் நெரிந்த கடையில் மறுவாரம் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். விலை இறங்கிவிடும், வாங்கத்தான் ஆள் இருக்காது. எதிர்ப் பக்கம் பூக்கடையில் துளசி மாலை கட்டி மாளாது. அந்த வாரத்தில்தான் காற்றும் மாறும். ஐந்து மணிக்கு மேல் தெருவில் இறங்கினால் முகத்தில் அனல் அடிக்காது. வடக்கே எங்கோ மழை பெய்த வாசனையோடு ஒரு காற்று வரும்.

அன்றிலிருந்து கார்த்திகை தீபம் வரைக்குமான நாட்கள்தான் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப ஏற்ற காலம் என்பேன். லீவு விட்டால் எங்கள் பக்கத்து ஜனங்கள் மெரினாவுக்கும் ஈ.சி.ஆருக்கும் ஓடுகிறார்கள். கடற்கரை எந்த மாதமும் அங்கேயேதான் இருக்கும். ஆனால் சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் பெரிய ஏரிகள் எங்கள் பக்கம், நகரின் மேற்கிலும் வடமேற்கிலும் இருக்கின்றன. அவை நிறைவது பெரும்பாலும் வருஷத்தில் இந்தச் சில வாரங்களில்தான். சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ப்பது. வைகாசியில் வெடித்துக் கிடந்த தரை கண்ணெதிரே தண்ணீராவதைப் பார்க்கும் பாக்கியம் எங்கள் பக்கத்துக்குத்தான் வாய்த்திருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை. அதனால் புரட்டாசிச் சனிக்கிழமைக்கு விடியற்காலையில் எழுந்து முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடிப்பது வழக்கம். அரக்கோணம் மார்க்க மின்சார ரயில் இந்தப் பருவத்துக்கென்றே போட்ட பாதைபோல எனக்குத் தோன்றும். ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி தாண்டி திருநின்றவூரில் இறங்கினால் பக்தவத்சலப் பெருமாள் கோயில். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. தாயாருக்குப் பெயர் ‘என்னைப் பெற்ற தாயார்’. அந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிடும்போதே மனசு இளகிவிடும்.

அதே ஊரில் இருதயாலீஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கையில் காசில்லாத பூசலார் மனசுக்குள்ளேயே கல் அடுக்கி, சுதை பூசி, குளம் வெட்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சிபுரத்தில் பெரிய கற்றளி எழுப்பிய பல்லவ மன்னனும் அதே நாளைக் குறித்திருந்தான். அன்றைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன் என்று ஈசன் மன்னன் கனவில் சொன்னதாகப் பெரிய புராணம் சொல்கிறது. நெஞ்சுவலிக்காரர்கள் வந்து வேண்டிக்கொள்ளும் கோயில் இது. ஆபரேஷனுக்கு முன்னால் மருத்துவ ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றிவருகிறவர்களை அங்கே பார்த்திருக்கிறேன்.

பூந்தமல்லிக்காரர்கள் ரயிலுக்குக்கூட வர வேண்டாம். காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அவர்களுடையது. அங்குள்ள வரதராஜர் கோயிலில் வரதர், அரங்கநாதர், சீனிவாசர் மூவரையும் ஒரே வளாகத்தில் சேவிக்கலாம். சனிக்கிழமையில் பஸ் நிலையத்தின் இரைச்சலைக் கடந்து உள்ளே நுழைந்தால் புளியோதரையின் பெருங்காய வாசனை வரவேற்கும்.

புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசைக்கு என் மாமியாருக்குத் திருவள்ளூர் போயாக வேண்டும். “அத்தே, அன்னைக்குக் கூட்டம் தாங்காது, அடுத்த நாள் போலாமே” என்று சொல்லிப் பார்ப்பேன். “அமாவாசைக்குக் கூட்டம் வராம பாட்டிமைக்கா வரும்? கெளம்பும்மா” என்பார். வீரராகவப் பெருமாள் கோயில் குளக்கரையில் தர்ப்பணம் கொடுப்பவர்களும், நேர்த்திக்கடனாகப் பாலும் வெல்லமும் கரைப்பவர்களுமாகப் படிக்கட்டில் கால் வைக்க இடமிருக்காது. அங்கே மாமியார் தன் அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக் கண்ணை மூடி நிற்பார். அந்தப் பெயரை நாங்கள் வேறெங்கும் அவர் வாயால் கேட்டதில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த நாள் ஆயுத பூஜை. வெளியூர்க்காரர்கள் யாரும் அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றிப் பார்க்கும் இடமாக நினைக்க மாட்டார்கள். 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டை. மற்ற நாளில் லாரியும் ஃபோர்க்லிஃப்ட்டும் புகையும்தான். அந்த ஒரு நாளில் வாசற்கதவு குடும்பங்களுக்குத் திறக்கும்.

முந்தின நாளே வேலை ஆரம்பித்துவிடும். லேத்துக்குக் கீழே வருஷம் பூராவும் சேர்ந்த இரும்புச் சுருளை வாரி எடுப்பார்கள். கூலண்ட்டை வடித்துத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவார்கள். மண்ணெண்ணெய் நனைத்த பனியன் துணியால் மெஷின் படுக்கையைத் துடைத்தால் அதன் பழைய பச்சை நிறம் வெளியே வரும். எங்கள் மூத்த டர்னர் இந்தத் துடைப்பு வேலையைப் பையன்களிடம் விடவே மாட்டார். சக் தாடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணெய் தொட்டு, திரும்பப் பூட்டுவார். “சோறு போடுற கையி, நாமதான் கழுவணும்” என்பார்.

மறுநாள் வாசலில் வாழைக்கன்று, மேலே மாவிலை. மெஷினுக்கு மெஷின் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்றிருக்கும். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் ஸ்பேனரும் தாம்பாளத்தில் ஏறி சரஸ்வதி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடும். என் கணக்கு லெட்ஜரும் அவற்றோடுதான். பொரி, அவல், பொட்டுக்கடலை, நாட்டுச் சர்க்கரை, ஒரு ஸ்வீட் பாக்ஸ் என்று ஆளுக்கொரு பை. தீபாவளி போனஸ் எவ்வளவு என்று பேச்சு அடிபடுவதும் அன்றைக்குத்தான்.

ஆனால் அந்த நாளின் அழகு பிள்ளைகளிடம் இருக்கிறது. பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண், “எதுப்பா உன் மெஷினு?” என்று கேட்பாள். அப்பா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். “இங்க நிப்பேன். இந்தப் பிடியைத் திருப்பினா டூல் முன்னால போகும். இரும்பு இழை இழையா உரியும்.” பூஜைக்குப் பிறகு ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லி முதலாளியிடம் கேட்பார்கள். சக் சுழன்று ரீங்காரம் எழும்போது அந்தப் பிள்ளை அப்பாவை அண்ணாந்து பார்க்கும் பார்வை இருக்கிறதே, ராத்திரி ஒன்பது மணிக்குக் கறை படிந்த சட்டையோடு வீட்டுக்கு வரும் மனிதருக்கு அந்தப் பார்வை வருஷம் முழுக்கப் போதும். உங்கள் ஊரில் தெரிந்தவர் பட்டறை இருந்தால் பிள்ளைகளை அன்றைக்குக் கூட்டிப் போங்கள். எந்த மால் காட்டுவதைவிடவும் அதிகம் பார்ப்பார்கள். வாசலில் உடைத்த பூசணிக்காயை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிட்டு வரவும். இருட்டில் அதில் சறுக்கி விழும் இருசக்கர வண்டிகள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு மீன்கடைக்காரர் விட்டதைப் பிடித்துவிடுவார். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் ஏறக்குறைய அந்த வாரத்தில்தான், வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி. இனி ஏரிக்கரைப் பயணம்.

பக்கத்திலேயே தொடங்கலாம். ஆவடி-பூந்தமல்லி சாலையில் உள்ள பருத்திப்பட்டு ஏரியை 2019-ல் சீரமைத்துப் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். கரையைச் சுற்றி நடைபாதை, படகு, பிள்ளைகள் விளையாட இடம் எல்லாம் இருக்கிறது. மழை விட்ட காலையில் போனால் கூழைக்கடா கூட்டமாக மிதக்கும். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைக்கும். நான் நின்று பார்ப்பது தட்டான்களை. புல்வெளிக்கு மேல் மஞ்சளும் ஆரஞ்சுமாக நூற்றுக்கணக்கில், உட்காராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று நம் பெரியவர்கள் சொன்ன அதே தட்டான்.

மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், நன்னீர் நிலையே அரிதான அந்தத் தீவுகளுக்கு அக்டோபர் மாதம் பிறந்தால் இந்தத் தட்டான்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஆண்டுக்கணக்கில் கவனித்து 2009-ல் எழுதினார். அவை இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டி, மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன. மழைக்காற்றோடு சேர்ந்து நகர்ந்து, தேங்கிய மழைத்தண்ணீரில் முட்டையிட்டு, அவற்றின் வாரிசுகள் திரும்பி வருகின்றன என்பது அவர் முடிவு. போகவர 14,000 கிலோமீட்டருக்கு மேல். கட்டைவிரல் நீளமுள்ள பூச்சி! ஆவடியில் நம் தலைக்கு மேல் சுற்றுவது அந்த இனம்தான் என்று தெரிந்த பிறகு என் மகள் தட்டான் வாலில் நூல் கட்டுவதை விட்டுவிட்டாள்.

அடுத்தது செம்பரம்பாக்கம். பூந்தமல்லியை அடுத்து, பெங்களூரு நெடுஞ்சாலைக்குத் தெற்கே பரந்து கிடக்கிறது. இதன் உபரி நீர் அடையாற்றில் போய்ச் சேரும். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் காலைப் பேச்சே இந்த எண்கள்தான்: “இருபத்தோரு அடி தாண்டிடுச்சாமே.” 2015 டிசம்பர் தொடக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்ட ராத்திரியை அனுபவித்தவர்கள் அதைச் சும்மா கேட்க மாட்டார்கள். இப்போது உபரி நீர் திறக்கும் முன் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் பக்கம் எச்சரிக்கை கொடுக்கிறார்கள். மதகு திறந்த செய்தி வந்த நாளில் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளோடு போகாதீர்கள். அதற்கு ஒரு வாரம் முன்போ, மழை ஓய்ந்த நாலைந்து நாள் கழித்தோ போய்ப் பாருங்கள். எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாத அந்தத் தண்ணீரும் அதன் மேல் வரும் ஈரக்காற்றும் அப்போதும் இருக்கும்.

முழு ஞாயிறு கையில் இருந்தால் பூண்டி. திருவள்ளூர் வரை ரயில், அங்கிருந்து பஸ். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் இது. இதற்காகப் பாடுபட்ட சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் பெயரைச் சுமக்கிறது. அணை எழும்பியபோது முங்கிப்போன பழைய ஊரின் சிவன் கோயிலை மேட்டில் புதிதாக எழுப்பினார்கள். அதுதான் ஊன்றீஸ்வரர். கண்பார்வை போன சுந்தரர் இங்கே வந்து முறையிட, ஈசன் பார்வைக்குப் பதில் ஊன்றுகோல் ஒன்றைக் கொடுத்தார். கோபத்தில் சுந்தரர் அதை வீசியெறிய நந்தியின் கொம்பு ஒடிந்தது என்கிறது தலக்கதை. நந்தி அங்கே ஒற்றைக் கொம்போடு இருக்கிறது. சாமியிடம் இவ்வளவு உரிமையாகக் கோபித்துக்கொள்ள முடியும் என்று காட்டும் கோயில் எனக்கு மிகவும் நெருக்கமானது.

பூண்டியிலேயே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் கைக்கோடரிகள். வெறும் கல்தானே என்று நகராமல் ஒன்றை மட்டும் உற்றுப் பாருங்கள்: இரண்டு பக்கமும் செதில் செதிலாகத் தட்டி எடுத்து, உள்ளங்கையில் அடங்கும்படி அடியைப் பருமனாக விட்டு, நுனியைக் கூராக்கியிருப்பார்கள். பக்கத்து அதிரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் இப்படிப்பட்ட கருவிகளைக் கண்டெடுத்தார்கள். பின்னால் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கே அகழாய்வு செய்து, மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் அறிவித்தார்கள். எங்கள் டர்னரிடம் இதைச் சொன்னபோது, “அப்போ நம்ம ஏரியாவுல டூல் ரூம் வேலை ரொம்பப் பழசுன்னு சொல்லுங்க” என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் நியாயமானது.

இத்தனையும் சொல்லிவிட்டுக் கொரட்டூர் ஏரியைச் சொல்லாமல் விட முடியாது. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் மிகைநீர் போகும் ஏரி அது. நல்ல மழைக்குப் பிறகு அதன் கரையில் சாயங்காலம் நிற்பது எங்களுக்கு மிகச் சுலபமான உல்லாசம். பஸ் செலவுகூடக் கிடையாது. ஆனால் மழைத்தண்ணீரோடு கழிவுநீரும் சேர்ந்து அதில் இறங்குகிறது. கரையோர மக்கள் இதற்காகப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் வழக்காடினார்கள். வேலை முடிந்து வந்து, சமைத்து வைத்துவிட்டு, மனு எழுதிய சாதாரண ஜனங்கள். அவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வடிக்கும் கூலண்ட்டும் கழிவு எண்ணெயும் எங்கள் பட்டறையில் சாக்கடைக்குப் போவதில்லை. டிரம்மில் பிடித்து, மூடி, அதற்கென்று உரிமம் உள்ளவரிடம் கொடுக்கிறோம். எத்தனை லிட்டர், எந்தத் தேதி என்று லெட்ஜரில் தனிப் பக்கம் போட்டிருக்கிறேன். எஸ்டேட்டில் ஒவ்வொரு கணக்கரிடமும் அப்படி ஒரு பக்கம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிலர் இந்த வருஷம் தொடங்கியிருக்கிறார்கள்.