குருதிக்குழல் சுவரின் குருத்தணுக்கள்

குருதிக்குழல் சுவரின் குருத்தணுக்கள் என்பவை தமனி, சிரை ஆகியவற்றின் சுவரிலேயே தங்கியிருந்து, தேவை ஏற்படும்போது பெருகி, அகவணி உயிரணுக்களாகவோ மென்தசை உயிரணுக்களாகவோ மாறக்கூடிய உயிரணுக்கள் ஆகும். ஓரிரு வகைகளாக மட்டுமே மாற வல்லவை முன்னோடி உயிரணுக்கள் எனப்படும். நடைமுறையில் இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு தெளிவானதன்று.

தமனிச் சுவரில் மூன்று படலங்கள் உண்டு. உட்படலத்தில் குருதியைத் தொட்டபடி ஒற்றை வரிசையில் அகவணி உயிரணுக்கள் அமைந்துள்ளன. நடுப்படலத்தில் மென்தசையும் மீள்நார்களும் உள்ளன. வெளிப்படலத்தில் இணைப்பிழையம், நரம்புகள், பெரிய குழல்களாயின் சுவருக்கே குருதி கொண்டுவரும் நுண்குழல்கள் ஆகியன காணப்படும். பாடம் நடத்தும்போது வெளிப்படலத்தை ஓர் உறை என்று ஒரே வரியில் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் இக்கட்டுரைக்குரிய உயிரணுக்கள் பல அங்கேயே, குறிப்பாக அது நடுப்படலத்தைத் தொடும் எல்லையில், காணப்படுகின்றன.

வளர்ந்த உடலில் பழைய குழல் கிளைத்தே புதுக்குழல் தோன்றும் என்பது நெடுங்காலக் கருத்து. 1997இல் தகாயுக்கி அசகாராவும் உடன் ஆய்வாளர்களும் பெரியவர்களின் குருதியிலிருந்து அகவணி முன்னோடி உயிரணுக்களைப் பிரித்ததாக சயன்ஸ் இதழில் எழுதினர். பின்னர் அவ்வாறு பெயரிடப்பட்டவற்றுள் பல, மோனோசைட்டு என்னும் வெள்ளணுவின் வழிவந்தவை என்று தெரிந்தது. தொப்புள்கொடிச் சிரை, பெருந்தமனி ஆகியவற்றின் அகவணியிலேயே மிகுந்த பெருகுதிறன் உள்ள உயிரணுக்கள் இருப்பது 2005இல் காட்டப்பட்டது.

இவை பழுது பார்ப்பவை மட்டுமல்ல. 2004இல் யான்குவா ஹூ, சிங்போ சூ ஆகியோரின் குழு, சுண்டெலியின் வெளிப்படலத்திலிருந்து ஸ்கா-1 என்னும் அடையாளப் புரதம் கொண்ட உயிரணுக்களை எடுத்து, தமனியில் ஒட்டிய சிரைத்துண்டின் வெளிப்புறத்தில் இட்டது. சில வாரங்களில் அவை சுவரைக் கடந்து உட்பக்கம் சென்று, மென்தசை உயிரணுக்களாகி, அங்குள்ள தடிப்பில் சேர்ந்திருந்தன. இதய பைபாஸ் அறுவையில் காலிலிருந்து எடுத்து ஒட்டப்படும் சிரை, ஆண்டுகள் செல்லச் செல்ல மீண்டும் அடைபடுவதுண்டு. அதனால்தான் இச்சோதனை கவனம் பெற்றது. அடைப்பு உள்ளிருந்தே தொடங்குகிறது என்ற எண்ணத்துக்கு இது ஒரு மாற்று.

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த இயலாது. ஸ்கா-1 மனித உயிரணுக்களை இனங்காணப் பயன்படுவதில்லை. அங்கு பயன்படும் சிடி34 புரதமோ முதிர்ந்த அகவணி உயிரணுக்களிலும் இருக்கிறது. எனவே ஓர் உயிரணு குருத்தணுவா என்பதை அடையாளப் புரதம் ஒன்றை வைத்து மட்டும் சொல்ல முடியாது. வளர்ப்பூடகத்தில் அது பெருகுவதையும் மாறுவதையும் பார்த்தாக வேண்டும்.