உஷார்! கரையில் குடித்தது கடலில்தான் தெரியும்

கப்பலில் வந்து திருகோணமலையில் இறங்குகிறீர்கள். ‘அரை நாளில் மட்டக்களப்பு வாவி, வள்ளத்தில் ஒரு சுற்று, ஒரு கிளாஸ் தீவு வைன்’ என்று யாரோ கூட்டிப்போக வருகிறார். காசை எண்ணுவதற்கு முன் மணிக்கூட்டைப் பாருங்கள். அதற்குப் பிறகு, அந்த வைன் எந்தப் போத்தலில் இருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டையும் பார்க்காமல் வள்ளத்தில் கால் வைக்க வேண்டாம். நான் பயந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்.

என் சித்தியின் மகன் கனடாவில் இருக்கிறான். பிறந்தது வவுணதீவில், போனது பத்து வயதில். கப்பல் பயணம் ஒன்றில் திருகோணமலையில் ஒரு பகல் நிற்கும் என்று தெரிந்ததும் எனக்குப் போன் அடித்தான். “அண்ணா, வாவியைப் பார்த்திட்டு ஓடிப் போயிடுவன்” என்றான். கூட்டிவர ஒரு வழிகாட்டியையும் வானையும் அவனே பிடித்துவிட்டான். திருகோணமலையில் இருந்து மட்டக்களப்புக்குக் கடற்கரை வீதியால் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். பாதை நன்றாக இருந்தாலும் மூன்று மணித்தியாலம் போய்விடும். போக மூன்று, வர மூன்று. பின்னேரம் ஆறு மணிக்குள் அவன் கப்பலில் ஏறியாக வேண்டும். மிச்சம் எவ்வளவு என்று அவன் கணக்குப் பார்க்கவே இல்லை. வந்து சேர்ந்தபோது நடுப்பகல் தாண்டிவிட்டது.

வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரை, சூரியன் படுகிற கரை. எதிரே பட்டினப் பக்கம் எழுவான்கரை. பேரில் தீவு இருப்பதால் வவுணதீவைச் சுற்றிலும் தண்ணீர் நிற்கும், நடுவில் தென்னஞ்சோலை இருக்கும் என்று வெளியூரார் நினைக்கிறார்கள். இது வயலும் மாடும் வாவி மீனும் உள்ள ஊர். 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நீண்டு கிடக்கிற வாவியின் மேற்குக் கரை. இங்கே திராட்சைத் தோட்டம் கிடையாது. திராட்சை வேண்டுமானால் யாழ்ப்பாணத்துக்குத்தான் போக வேண்டும். தோலகட்டி ஆச்சிரமத்தின் வைனும் நெல்லி ரசமும் அங்கே பேர் பெற்றவை. அப்படியென்றால் வவுணதீவில் ‘தீவு வைன்’ என்று எதை ஊற்றுகிறார்கள்?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். கண்ணாமரங்களுக்கு இடையில் வள்ளம் நின்றது. வழிகாட்டி, இருக்கைப் பலகைக்குக் கீழே இருந்து மஞ்சளேறிய பிளாஸ்டிக் கான் ஒன்றை எடுத்தார். மூடிக்குப் பதில் பொலித்தீன் துண்டு வைத்து ரப்பர் பட்டி போட்டிருந்தது. அதில் இருந்து ஒரு பழைய சோடாப் போத்தலுக்கு ஊற்றி, போத்தலில் இருந்து கிளாசுக்கு ஊற்றினார். கள்ளென்றால் பால் கலந்த கழனித்தண்ணீர் போல் இருக்கும், நுரைக்கும், புளித்த மணம் அடிக்கும், விளிம்பில் ஒரு பூச்சியாவது மிதக்கும். இது கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது.

“இது கள்ளா?” என்று கேட்டேன்.

“கள்ளுதான் ஐயா. வடிச்ச கள்ளு. தம்பி ஒரு வாய் வைச்சுப் பாருங்க.”

வடிச்ச கள்ளு! அனுமதிப்பத்திரம் இல்லாமல் வடித்தால் அதற்கு இந்த நாட்டில் ஒரே பேர்தான், கசிப்பு. படுவான்கரையில் கசிப்பு முற்றுகை, கோடாப் பரல் உடைப்பு என்ற செய்திகளைப் பத்திரிகையில் படித்துப் படித்துப் பழகியவர்கள் நாங்கள். அதே சாமானுக்கு ‘வைன்’ என்று பேர் வைத்து வெளிநாட்டுக் காசுக்கு விற்கிற துணிச்சல்தான் எனக்குப் புதிது. நான் தடுக்கக் கை நீட்டுவதற்குள் தம்பி இரண்டு வாய் குடித்துவிட்டான்.

இனிச் சொல்லப்போவதை ஆறுதலாகப் படியுங்கள். கலப்பட மதுவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் மெத்தனோல். இது தொழிற்சாலைக் கரைப்பானாகப் பயன்படுகிற மலிவான மதுசாரம். சீனியும் ஈஸ்ட்டும் போட்டுப் புளிக்கவைக்கும் கோடாவில் அது தானாக அதிகம் உண்டாவதில்லை. காரம் ஏற்றவோ அளவைப் பெருக்கவோ யாரோ ஒருவர் வெளியில் இருந்து கொண்டுவந்து கலக்கும்போதுதான் பிணம் விழுகிறது. கலந்தால் நிறம் மாறாது. நாக்குக்கும் மூக்குக்கும் சாதாரண மதுசாரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் பிடிபடாது. 10 மில்லிலீற்றர், அதாவது இரண்டு தேக்கரண்டி, ஒருவரின் பார்வையை நிரந்தரமாகப் பறிக்கப் போதும். பற்றவைத்து நீலச் சுவாலை எரிந்தால் நல்ல சரக்கு என்று ஊரில் சொல்வார்கள். மெத்தனோலும் நீலமாகத்தான் எரியும். அந்தச் சோதனையை நம்பி யாரும் ஏமாற வேண்டாம்.

கப்பல்காரர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இதைவிடப் பயங்கரம். மெத்தனோல் உடனே கொல்லாது. முதலில் வெறும் வெறிதான், மற்ற மது தருகிற அதே மயக்கம். ஈரல் அதை மெல்ல மெல்லப் போமிக் அமிலமாக மாற்றுகிறது. கண் நரம்பை எரிப்பதும் இரத்தத்தை அமிலமாக்குவதும் அந்த அமிலம்தான். இதற்கு 12 முதல் 24 மணித்தியாலம் எடுக்கும். அதோடு நல்ல மதுவும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஏனென்றால் ஈரலில் இரண்டையும் உடைப்பது ஒரே நொதியம், அது முதலில் நல்ல மதுவைத்தான் கவனிக்கும். பகல் ஒரு மணிக்கு வாவியில் இரண்டு வாய். இரவு கப்பல் பாரில் இரண்டு கிளாஸ். காலையில் எழும்பும்போது வெறி முறிந்த தலையிடி என்று நினைத்து மறுபடி படுக்கிறீர்கள். மத்தியானம் வாந்தி, வயிற்று நோவு, கண்ணுக்கு முன்னால் பனி கொட்டினாற்போல் ஒரு வெண்மை. அப்போது நீங்கள் எங்கே? நடுக்கடலில். கப்பலில் வைத்தியர் இருப்பார், தாதியர் இருப்பார். இரத்தம் சுத்திகரிக்கிற இயந்திரம் பெரும்பாலான கப்பல்களில் இருக்காது. மாற்று மருந்தும் கையிருப்பில் இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

இது வாய்க்கு வந்த பயமுறுத்தல் இல்லை. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் 6 வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் மெத்தனோல் கலந்த மதுவால் செத்தார்கள், எல்லோரும் ஊர் பார்க்கப் போனவர்கள். அதே ஆண்டு ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் 60 பேருக்கு மேல் கொண்டுபோனது. அதற்கு முந்தைய ஆண்டு அங்கேயே மரக்காணத்திலும் அதே கதை. விஷம் கலந்த கானுக்குக் குடிக்கிறவர் கூலியாளா கனடாக்காரரா என்று தெரியாது.

தம்பி கப்பலுக்குப் போய்விட்டான். நான் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. போன் எடுத்தால் ‘தொடர்புகொள்ள முடியவில்லை’ என்கிறது. கடலில் சிக்னல் இல்லை. விடியச் சித்தி போன் எடுத்து, “தம்பி பத்திரமாப் போனானா மனே?” என்று கேட்டா. என்ன சொல்வது? போனான் என்றேன். மறுநாள் பின்னேரம்தான் அவனிடம் இருந்து ஒரு வரி வந்தது. ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கானில் அன்றைக்கு இருந்தது வேறு. ஆனால் அது என்ன என்று ஊற்றினவருக்கே தெரிந்திருக்காது என்பதுதான் இப்போதும் என் வயிற்றைக் கலக்குகிறது.

பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வாவியின் பாடும் மீனைக் கேட்க முழு நிலவில் கல்லடிப் பாலத்தடிக்கு வள்ளத்தில் போவது பழைய ஆசை, நல்ல ஆசை. இந்த நாட்டில் பௌர்ணமி என்றால் போயா. அன்றைக்கு மதுக்கடையும் பூட்டு, கள்ளுத் தவறணையும் பூட்டு. அப்படியிருக்க, நிலா வெளிச்சத்தில் வள்ளத்தில் வைத்து ஒருவர் கிளாஸ் நீட்டிக் காசு கேட்கிறார் என்றால் அது எங்கிருந்து வந்திருக்கும்? சட்டப்படி விற்கிற இடத்தில் இருந்து அன்றைக்கு வந்திருக்க வழியில்லை. மீன் பாட்டைக் கேளுங்கள், கிளாசைத் தொடாதீர்கள்.

வள்ளத்துக்கு வருகிறேன். வாவி ஆழமில்லை, நின்றால் கால் முட்டும் என்பார்கள். சேற்றில் கால் புதைந்தவனுக்கு ஆழம் எதற்கு? முதலையும் உண்டு இந்த வாவியில். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காலையில் எண்ணெய்போல் கிடக்கிற தண்ணீர் மத்தியானத்துக்குப் பிறகு அலையடிக்கும். குடித்தவர்கள் படம் எடுக்க ஒரே பக்கமாக எழும்பினால் முடிந்தது கதை. 2009 செப்டம்பர் 30ஆம் திகதி கேரளத்தின் தேக்கடியில் அப்படித்தான் நடந்தது. விலங்கு பார்க்க ஒரு பக்கம் சாய்ந்தார்கள், படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். 2023 மே 7ஆம் திகதி அதே கேரளத்தின் தானூரில் பொழுதுபட்ட பிறகு அளவுக்கு மேல் ஏற்றிய உல்லாசப் படகு 22 உயிரை எடுத்தது, பாதிக்கு மேல் பிள்ளைகள். தூரம் எதற்கு, நம்முடைய கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பரில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இழுவைப் படகோடு தாழ்ந்ததை மறந்துவிட்டோமா? என் தம்பி ஏறிய வள்ளத்தில் ஒன்பது பேர், உயிர்காப்பு அங்கி நாலு. அந்த நாலும் முன்பக்கத்தில் கட்டிவைத்தபடி இருந்தன. கட்டை அவிழ்க்கச் சொன்னேன். “வாவிதானே ஐயா, கடலா?” என்று பதில் வந்தது.

கப்பல் காத்திருக்குமா என்று கேட்காதீர்கள், காத்திருக்காது. 2024 மார்ச்சில் ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள சாவோ தோமே தீவில் நோர்வீஜியன் டோன் கப்பலின் 8 பயணிகள், தாங்களாகப் பிடித்த வழிகாட்டியோடு தீவு சுற்றப் போய் நேரத்துக்குத் திரும்பவில்லை. கப்பல் துறையில் நங்கூரத்தோடு நிற்கிறது, ஏற விடவில்லை. பல நாடுகள் தாண்டிக் காம்பியா போனார்கள். கடல் நீர்மட்டம் சரியில்லை என்று கப்பல் அங்கே வரவில்லை. கடைசியில் செனகலில்தான் பிடித்தார்கள். அதற்காகக் கப்பல் கம்பனியே விற்கிற பயணம் பத்திரம் என்றும் சொல்ல மாட்டேன். அவர்களின் பஸ் பிந்தினால் கப்பல் பெரும்பாலும் நிற்கும், அவ்வளவுதான். 2019 டிசம்பர் 9ஆம் திகதி நியூசிலாந்தின் வக்காரி எரிமலைத் தீவில் நின்ற 47 பேரில் 38 பேர் ஒரே உல்லாசக் கப்பலில் வந்தவர்கள். எரிமலை வெடித்து 22 பேர் செத்தார்கள். போகிற இடத்தின் ஆபத்தை நீங்களே கேட்டறிய வேண்டும்.

சந்தோரினி, மதெய்ரா போன்ற தீவுகளுக்குப் போய் வைன் சுவைத்து வருகிற நம்மவர்கள் இப்போது பலர். அங்கே பதிந்த மதுவாலை இருக்கும், போத்தலில் சிட்டை இருக்கும், ஆண்டு இருக்கும். ஆனாலும் சந்தோரினியில் கப்பல் கரையோடு அணையாது. சின்னப் படகில் இறங்கி, மேலே கம்பிவட வண்டிக்கு வரிசையில் நிற்க வேண்டும். திரும்பும்போதும் அதே வரிசை. அங்கேயும் மணிக்கூடுதான் எதிரி.

ஊரின் ருசி வேண்டும் என்று வருகிற பிள்ளையை நான் வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவில்லை. போயா இல்லாத நாளில், வெள்ளனவே, அனுமதி உள்ள தவறணையில், மரத்தால் இறங்கிய கள்ளை உங்கள் கண் முன்னால் முட்டியில் இருந்து வாங்கிக் குடியுங்கள். அதைப் போத்தலில் அடைத்துக் கப்பலுக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள். கள் போத்தலுக்குள்ளும் புளித்துக்கொண்டே இருக்கும். வெயில்பட்ட வானில் இரண்டு மணித்தியாலத்தில் பிளாஸ்டிக் போத்தலின் அடி வெளியே பிதுங்கி, நிமிர்ந்து நிற்க மாட்டாமல் உருளுவதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடிப் போத்தல் என்றால் வெடிக்கும். சாராயம் வேண்டுமென்றால் முத்திரை உடையாத போத்தலைக் கடையில் வாங்கி உங்கள் கையாலேயே திறவுங்கள். தெளிவான எதையும் கானில் இருந்து ஊற்றினால், அது உங்கள் மாமாவே ஊற்றினாலும், வேண்டாம்.

ஏற்கெனவே குடித்துவிட்டீர்களா? கண் மங்கும் வரை காத்திருக்க வேண்டாம். மோர், எலுமிச்சம்பழம், வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம். முறிக்க இன்னும் கொஞ்சம் சாராயம் என்று வீட்டு வைத்தியமும் வேண்டாம். கரையில் இருந்தால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை வலையிறவுப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். கப்பல் போனால் போகட்டும். கப்பலில் ஏறிவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் உடனே வைத்தியரிடம் போய், என்ன குடித்தேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று சொல்லுங்கள். கூடக் குடித்தவர்களுக்கும் ஆள் அனுப்புங்கள். மிச்சம் உள்ள போத்தலை எறிந்துவிடாமல் கையோடு கொண்டுபோங்கள்.