படுத்த மாட்டை எழுப்பும் கால்சியம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் ஊர்களில் சோளத்தட்டையை நம்பிக் கறவை மாடு வளர்ப்பவர்களுக்கு, மாடு கன்று ஈன்ற முதல் மூன்று நாளும் கவலைதான். நன்றாகக் கறக்கும் கலப்பின மாடு மூன்றாம், நான்காம் ஈற்றில் திடீரெனப் படுத்துவிடும். தலையை விலாப் பக்கம் மடக்கிக்கொள்ளும், காது சில்லிட்டிருக்கும். பால் காய்ச்சல் என்கிறார்கள், ஆனால் உடம்பு சுடாது. மருத்துவர் வந்து கால்சியம் போரோகுளுகோனேட்டைக் கழுத்து ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்றுவார். மாடு ஏப்பம் விடும், சாணி போடும். பல மாடுகள் சிறிது நேரத்தில் எழுந்தே விடும்.

கால்சியம் எப்படி மாட்டை எழுப்புகிறது என்று அறியத் தசைக்குள் பார்க்க வேண்டும். தசை நாருக்குள் ஆக்டின், மயோசின் என இரண்டு புரத இழைகள் உண்டு. தேர்வடத்தைக் கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதுபோல, மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்க, தசை சுருங்குகிறது. ஓய்வு நேரத்தில் பற்ற வேண்டிய இடங்களை ட்ரோபோமயோசின் மறைத்திருக்கும். நரம்பின் கட்டளை வந்ததும் தசைக்குள்ளேயே உள்ள சேமிப்புப் பைகளிலிருந்து கால்சியம் பாய்ந்து ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டும், மறைப்பு விலகும். ட்ரோபோனினை 1960களில் கண்டறிந்தவர் ஜப்பானின் செட்சுரோ எபாஷி. கால்சியம் மீண்டும் பைக்குள் போனால்தான் தசை தளரும். அதற்கும் ஆற்றல் செலவாகும். அறுத்த ஆடு விறைத்துப்போவது அந்த ஆற்றல் தீர்ந்ததால்தான்.

தசைக்குள்ளேயே இருப்பு இருக்க, மாடு ஏன் விழுகிறது? கட்டளையைத் தசைக்குக் கடத்தும் அசிட்டைல்கோலினை நரம்பு நுனி வெளியிட, வெளியே உள்ள கால்சியம் வேண்டும். 100 மில்லி ரத்த நீரில் 9, 10 மில்லிகிராம் இருக்க வேண்டியது 5-க்கும் கீழே இறங்கினால் கட்டளை தசைக்குச் சரியாக எட்டாது. மனிதர்களுக்கோ இதே குறைவில் தசை இழுத்துப் பிடிக்கும்.

பத்து லிட்டர் சீம்பாலில் ஏறக்குறைய 20 கிராம் கால்சியம் போய்விடுகிறது. ரத்தத்தில் எந்த நேரமும் இருப்பது சில கிராம்தான். எலும்பில் கிலோக்கணக்கில் இருந்தாலும், அதை எடுத்துத் தரும் பாராதைராய்டு ஹார்மோன் முழு வேகம் பிடிக்க ஓரிரு நாளாகும். சினையின் கடைசி வாரங்களில் கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால் அந்த ஹார்மோன் வேலை மறந்து கிடக்கும். நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல் இது.

படுத்த மாட்டின் வாயில் கஷாயமோ கஞ்சியோ ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருப்பதால் நுரையீரலுக்குள் போய்விடும். ஊசியையும் நீங்களே போடாதீர்கள். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். மாட்டை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி அணை கொடுத்துவிட்டு, கால்நடை அவசர உதவி எண்ணான 1962-க்கு உடனே பேசுங்கள்.