தாத்தாவின் பிரஷ்ஷுக்குப் புது முடி

பாட்டி வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு சவரப் பிரஷ் கிடைத்தது. தாத்தாவுடையது. கைப்பிடி உருக்கிய நெய்போல மஞ்சள் நிறம். முடியில் பாதி உதிர்ந்துவிட்டது. மீதி சோப்புக் கறையில் விறைத்துப்போயிருந்தது. எப்போது வாங்கியது என்று பாட்டிக்குத் தெரியவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாலேயே வச்சிருந்தார்" என்பதோடு சரி.

கைப்பிடியை அப்படியே வைத்துக்கொண்டு முடியை மட்டும் மாற்றலாம். இதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அடியில் பசையிட்டு இறுக்கிய முடிக்கற்றை தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது. பழைய கற்றையைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் புதியதை ஒட்ட வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் பழைய முடியில் கைவைக்கும் முன் அதன் வயதைத் தெரிந்துகொள்வது நல்லது. காரணம், ஆந்த்ராக்ஸ் என்ற நோய்.

ஆந்த்ராக்ஸ் அடிப்படையில் ஆடு, மாடு, குதிரை போன்ற மேயும் விலங்குகளின் நோய். முதல் உலகப் போர் வழக்கமான வணிக வழிகளைக் குலைத்தபோது, பிரஷ் செய்வதற்கான குதிரை முடி ஆசியாவிலிருந்து சரியான கிருமிநீக்கம் இல்லாமலேயே பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. விலை உயர்ந்த பேட்ஜர் முடிபோலத் தோன்ற அதற்குச் சாயமும் பூசினார்கள். நச்சுவாயுக் கவசம் முகத்தில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்பதால் போர்வீரர்கள் மழமழவென்று சவரம் செய்ய வேண்டியிருந்தது. கத்தி கீறிய இடத்தில் பிரஷ் பட்டது. கிருமி உள்ளே போனது. பலர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள்.

இந்தப் பாக்டீரியா, சூழல் பாதகமானால் கெட்டியான உறைக்குள் ஒடுங்கி ஸ்போர் என்னும் உறங்கும் நிலைக்குப் போய்விடும். ஸ்காட்லாந்தின் குருயினார்ட் தீவில் பிரிட்டிஷ் அரசு 1942இல் ஆந்த்ராக்ஸ் சோதனை நடத்தியது. மண்ணை ஃபார்மால்டிஹைடு கலந்த கடல்நீரால் நனைத்துச் சுத்தப்படுத்திய பிறகு, 1990இல்தான் அந்தத் தீவு பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்டது. ஆக, பழைய பிரஷ்ஷைச் சில நிமிடம் வெந்நீரில் போட்டால் போதும் என்று நினைக்க முடியாது. இன்று ஒரு பழைய பிரஷ்ஷால் நோய் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. என்றாலும் அது போர்க்காலத்துப் பிரஷ்ஷாக இருந்தால் நான் அதன் முடியைத் தொடவே மாட்டேன்.

அப்படியென்றால் தாத்தாவின் பிரஷ் எந்தக் காலத்தது? முடி எதையும் சொல்லவில்லை. கைப்பிடி சொன்னது.

அதன் அடிப்பாகத்தை மட்டும் அரை நிமிடம் சூடான நீரில் வைத்து முகர்ந்து பார்த்தேன். கற்பூர வாசம் வந்திருந்தால் அது செல்லுலாய்டு. எளிதில் தீப்பற்றும், டிரில்லின் சூடுகூட ஆபத்து. வந்ததோ கார்பாலிக் சோப்பை நினைவூட்டும் ஃபீனால் வாடை. பிறகு அடியில், கண்ணுக்குப் படாத ஓர் ஓரத்தை மணல்தாளால் இலேசாகத் தேய்த்தேன். மஞ்சளுக்குக் கீழே வெள்ளை! பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆமாம்டா, முதல்ல வெள்ளையாத்தான் இருந்துச்சு" என்றார்.

இது காட்டலின். பேக்கலைட்டின் உடன்பிறப்பு. இரண்டுமே ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் வினைபுரிந்து உருவாகும் பாலிமர்கள். பேக்கலைட்டில் மரத்தூள் போன்றவற்றைக் கலந்து அழுத்தி வார்ப்பதால் அது பெரும்பாலும் கருமையாகவே இருக்கும். காட்டலினில் அந்தக் கலப்பு இல்லை; அதனால் பளிச்சென்ற நிறங்களைக் கொடுக்க முடிந்தது. ஆனால் ஒளியும் காற்றும் பட்டு மேற்பரப்பு மெல்ல ஆக்ஸிஜனேற்றம் அடைவதால் வெள்ளை மஞ்சளாகிவிடும். காட்டலின் சந்தைக்கு வந்தது 1927இல். எனவே இந்தப் பிரஷ் போர்க்காலத்தது அல்ல. பாதி நிம்மதி.

மீதிப் பாதிக்குக் கையுறையும் முகக்கவசமும். முடியை நனைத்து, தூசு பறக்காமல் அடியோடு வெட்டி, பையில் கட்டி எறிந்தோம். குழிக்குள் இறுகியிருந்த பழைய பசையை மாமா டிரில்லால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தெடுத்தார். படிவம் ஐந்தில் பாலிமர் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: காட்டலின் சூட்டில் இறுகும் வகை. ஒருமுறை இறுகினால் மறுபடி உருக்கி வார்க்க முடியாது. விளிம்பு உடைந்தால் உடைந்ததுதான். அதனால் அவசரப்படவில்லை.

புதிய கற்றை 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள செயற்கை இழை. இயற்கை முடி ஏறக்குறைய தன் எடையில் 30 விழுக்காடு நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். செயற்கை இழை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. பிறகு எப்படி நுரை வரும் என்று கேட்கலாம். நுரைக்கான நீர் முடிக்குள் இருப்பதில்லை. இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் நிற்கிறது. மெல்லிய குழாயில் நீர் தானாக மேலேறுகிறதே, அதே விசைதான் அதைப் பிடித்து வைக்கிறது. செயற்கை இழை சீக்கிரம் உலர்வது நம் ஊர் ஈரப்பதத்தில் கூடுதல் லாபம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கற்றையை எவ்வளவு ஆழத்தில் பதிப்பது என்பது. ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட இழையின் விறைப்பு, நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். வெளியே தெரியும் நீளத்தை 55 மில்லிமீட்டரிலிருந்து 50க்குக் குறைத்தால், ஒவ்வோர் இழையும் ஏறக்குறைய 33 விழுக்காடு கூடுதல் விறைப்பாகிவிடும். வெறும் 5 மில்லிமீட்டர்! முதலில் பசை இல்லாமல் பொருத்திப் பார்த்தோம். ஆழம் அதிகம், முடி துடைப்பம்போலக் குத்தியது. குழிக்கு அடியில் இரண்டு சில்லறைக் காசுகளைப் போட்டு உயர்த்திய பிறகுதான் மாமாவின் கன்னம் ஒப்புக்கொண்டது.

ஒட்டுவதற்கு இரு பகுதி எப்போக்சி. பிசினும் கடினமாக்கியும் கலந்ததும் வேதிவினை தொடங்கி வெப்பம் வெளிப்படும். கலவைக் கிண்ணத்தைத் தொட்டாலே தெரியும். கற்றையின் அடிப்பக்க ஓரத்தில் ஒரு சிறு பள்ளம் கீறியிருந்தோம். இல்லாவிட்டால் குழிக்குள் சிக்கிய காற்று கற்றையை மேலே தள்ளிவிடும்.

ஒரு நாள் முழுக்க அசைக்காமல் நிறுத்தி வைத்தோம். மறுநாள் காலை மாமா கிண்ணத்தில் சோப்பைக் குழைத்தார். முதல் நுரை கொஞ்சம் தண்ணீராக வந்தது. இழை நீரை உறிஞ்சாது என்பதை மறந்து, பிரஷ்ஷை உதறாமலே பயன்படுத்திவிட்டார். இரண்டாவது முறை உதறினார். நுரை தயிர்போல நின்றது.