பெரியோரின் மானமும் பிள்ளைகளின் பலியும்

கடுகண்ணாவைக் கணவாய் கண்டி இராச்சியத்தின் இயற்கை அரண்களுள் ஒன்றாகும். எனினும் 1815இல் அவ்விராச்சியம் வீழ்ந்தமைக்கு அரண்மனைக்குள் மூண்ட பகையே பெருங்காரணமாயிற்று. அப்பகையை நோக்குகையில் பண்டைய கிரேக்கத் துன்பியல் நாடகங்களே நம் நினைவுக்கு வருகின்றன.

யூரிப்பிடிசின் நாடகமொன்றில், திரோய் மீது படையெடுக்கும் கப்பல்களுக்குக் காற்று வேண்டித் தன் மகள் இபிஜீனியாவைப் பலியிட இணங்குகிறான் அகமெம்னோன். படைத்தலைவனின் கடமை தந்தையின் கடமையை வென்றுவிடுகிறது. முதலில் உயிருக்காக மன்றாடும் மகள், பின்னர் நாட்டின் மானத்துக்காகத் தானே பலிபீடம் நோக்கி நடக்கிறாள்.

1814இல் மகா அதிகாரம் எஹெலப்பொல, மனைவி மக்கள் கண்டியில் மன்னனின் பிடியில் இருக்க, சப்ரகமுவையில் கிளர்ச்சி செய்தார். அது தோற்றதும் ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தார். அகமெம்னோனைப் போல் அவர் பிள்ளைகளைப் பலிக்கு ஒப்புக்கொடுக்கவில்லை. ஆயினும் விளைவு அதுவே. மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அக்குடும்பத்துக்கு மரண தண்டனை விதித்தான். அண்ணன் அஞ்சி ஒதுங்க, சிறுவன் மத்தும பண்டார முன்வந்து தலைகொடுத்தான் என்பது மக்கள் வழக்கு.

மானம் காக்க முனைந்த இருவரும் எதனையும் காக்கவில்லை. எஹெலப்பொல 1829இல் மொரீசியசிலும், மன்னன் 1832இல் வேலூரிலும் ஆங்கிலேயரின் கைதிகளாகவே மடிந்தனர். சிறுவனின் துணிவைப் போற்றும் நாம், அவனை அந்நிலைக்குத் தள்ளிய பெரியோரின் கடமை எங்கே போயிற்று என வினவவும் தவறலாகாது.