சடுதி மாற்றங்களும் பரிணாமத்தின் வழிகளும்

உயிர்களின் மரபணுக்களில் சடுதி மாற்றங்கள் தற்செயலாகத் தோன்றுகின்றன என்பது அறிவியலார் கூற்று. இதனைக் கேட்போர் பலர், பரிணாமம் முழுவதுமே தற்செயல் என்று முடிவுசெய்துவிடுகின்றனர். ஆனால் ஒரு மாற்றம் தோன்றுவது வேறு. அது நிலைபெறுவது வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும் ஆய்வொன்றினை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேனியல் வைன்ரைக் என்பவரும் அவருடன் உழைத்தோரும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

பாக்டீரியாக்களுள் சில, பீட்டா-லாக்டமேஸ் என்னும் நொதியை உண்டாக்கிப் பெனிசிலினைச் சிதைக்கின்றன. இந்நொதிக்குரிய மரபணுவில் குறிப்பிட்ட ஐந்து மாற்றங்கள் சேர்ந்து அமையுமாயின், செஃபோடாக்சிம் என்னும் மருந்தை எதிர்க்கும் ஆற்றல் ஏறத்தாழ 1,00,000 மடங்கு பெருகுகிறது. ஐந்தும் ஒரே வேளையில் தோன்றுவது மிக அரிது. ஒன்றன்பின் ஒன்றாகவே அவை வந்து சேரவேண்டும். அவ்வாறு வரக்கூடிய வரிசைகள் 120. ஆயினும், ஒவ்வொரு படியிலும் எதிர்ப்பாற்றல் உயர்ந்தால்தான் இயற்கைத் தேர்வு அம்மாற்றத்தைப் பேணிப் பரப்பும். இவ்வளவையைக் கொண்டு நோக்கியபோது, 102 வழிகள் அடைபட்டிருந்தன. 18 மட்டுமே திறந்திருந்தன.

இதற்குக் காரணம் யாது? ஒரு மாற்றத்தின் பயன் அதனுள்ளேயே அடங்கியிருப்பதன்று. முன்னே வந்த மாற்றங்களையும் அது சார்ந்துள்ளது. சான்றாக, நொதியின் 238ஆம் இடத்தில் நேரும் மாற்றம் மருந்தைச் சிதைக்கும் திறனைக் கூட்டுகிறது. ஆனால் புரதத்தின் உறுதியைக் குலைக்கிறது. 182ஆம் இடத்து மாற்றம் அவ்வுறுதியை மீட்டுத் தருகிறது. முன்னையது இல்லாதபோது பின்னையது தனித்து வந்தால், எதிர்ப்பாற்றல் உயர்வதில்லை. சாயும் சுவருக்கே முட்டு பயன்படும். நிமிர்ந்து நிற்கும் சுவருக்கு அது வீண்.

ஒரு நொதி, ஒரு மருந்து, ஐந்து மாற்றங்கள் ஆகியவற்றைப் பற்றிய முடிவே இது. எனினும் இரு கருத்துகளை நாம் இதிலிருந்து பெறலாம். முதலாவது, மாற்றங்கள் தற்செயலாய்த் தோன்றினும், அவை செல்லும் வழிகள் வரையறைக்குட்பட்டவை. எனவே எதிர்ப்பாற்றல் வளரும் போக்கை ஓரளவு முன்னறிய இயலும். நோயாளிகளின் உயிரைக் காக்க இவ்வறிவு துணைபுரியலாம். இரண்டாவது, வழி குறுகியதாயிருப்பதைக் கண்டு, அதனை நோக்கத்திற்குச் சான்றாகக் காட்ட நாம் விரையலாகாது. இங்கே திறந்திருந்த வழி, மருந்தை வெல்லும் கிருமிக்கே உதவிற்று. இயற்கையைக் குறித்துப் போதிப்போர், ‘எல்லாம் தற்செயல்’ என்பதையும், ‘எல்லாம் முன்குறிக்கப்பட்டது’ என்பதையும் எளிதில் சொல்லிவிடாமல், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட உண்மையைப் பொறுமையுடன் கற்றல் வேண்டும்.